சனிக்கிழமை பிராக்கில் இருந்த மனிதர்

பிராக் நகரத்தின் அசல் குடிமக்களை அடையாளம் காண்பது மிகச் சுலபம். ஒரு சனிக்கிழமை காலையில் ஊரைச் சுற்றி வந்தால் போதும். கண்ணில் படாதவர்கள் எல்லாரும் அசல் குடிமக்கள்.

இந்த இலக்கணப்படி லுபோர் ஷ்கோபெக்கைவிட அசலான பிராக்காரர் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் ஆனதும் அவர் கால்கள் தாமாகவே காரை நோக்கி நடக்கும். பின்சீட்டில் பெயின்ட் டப்பா, உருளைக்கிழங்கு மூட்டை, கழிவறைக்குப் புது மூடி. முன்சீட்டில் மனைவி யர்மிலா, மடியில் கேக் தட்டு. நகரம் முழுவதும் அதே நேரத்தில், அதே நெடுஞ்சாலையில், அதே மாதிரி கேக் தட்டோடு நகராமல் நின்றுகொண்டிருக்கும். ஆற்றுக்கு மேலே பைன் மரங்களுக்கு நடுவில், அவருடைய அப்பா அங்கே இங்கே கிடைத்த பலகைகளைக் கொண்டு கட்டிய மரவீடு ஒன்று அவருக்கு இருந்தது. ஞாயிறு மாலைவரை அதன் கூரைக்குத் தார் பூசுவார், காளான் பறிப்பார், வேலி விஷயமாகப் பக்கத்து மரவீட்டுக்காரரோடு பேசாமல் இருப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஒழுங்கு. ஆகவே, உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் நகரத்தைப் பார்க்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

வார நாட்களில் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். வார நாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். பெயர்பெற்ற கட்டடங்கள் பலவற்றுக்குள் அவர் போயிருக்கிறார். பின்வாசல் வழியாக நுழைவார், அடிக்குழியில் இறங்கி எண்ணெய் போடுவார், உச்சியிலிருக்கும் மோட்டார் அறைக்கு ஏறுவார், வந்த பின்வாசல் வழியாகவே வெளியேறிவிடுவார். ஒரு கட்டடத்தின் அடிவயிற்றையும் உச்சந்தலையையும் தெரிந்துவைத்திருக்கும் மனிதருக்கு அதன் முகம் எதற்கு?

இதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாமல் இருந்தது, அவருடைய மகன் வீத் நாட்டின் கிழக்கே, மொராவியாப் பக்கத்துப் பெண்ணைக் காதலிக்கும்வரை.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அவர்கள் கிராமத்தில் நடந்தது. பெண்ணின் அப்பா மெதோதேய் பேருந்து ஓட்டுநர், ஊர்த் தீயணைப்புப் படையில் தளபதி, அகலமான மனிதர். மொராவியாக்காரர்கள் பிராக்காரர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது நாடறிந்த விஷயம். பிராக்காரர்கள் மொராவியாக்காரர்களைப் பற்றி ஒன்றும் நினைப்பதில்லை. அதுதான் மொராவியாக்காரர்களுக்குக் கோபம். அன்றைக்கு வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம் சின்னச் சின்னக் கோப்பைகளில் வந்துகொண்டே இருந்தது. கல்யாணத்தை எங்கே வைப்பது என்ற பேச்சும் வந்தது.

"இங்கதான். ஊர் பேண்டு வாசிக்கும். பையனோட அப்பா எங்க பூவேலை உடுப்பைப் போட்டுக்கிட்டு ஊர்வலத்துல முன்னாடி நடக்கணும். அது முறை" என்றார் மெதோதேய்.

அந்த உடுப்பு சுவரில் தொங்கியது. உடம்போடு ஒட்டும் இறுக்கமான கால்சட்டை, பூப்பூவாய்த் தைத்த மேற்சட்டை, நெட்டையாக இறகு செருகிய தொப்பி. லுபோர் அந்தக் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார். தன்மானம் பொங்கியது.

"பிராக்னு ஒரு ஊர் இருக்கும்போது வேற எங்க வைக்கறது? பழைய நகர மண்டபத்துல, அந்தக் கடிகாரத்துக்குக் கீழ! ஒருதரம் என்கூட வந்து பாருங்க சம்பந்தி. ஒவ்வொரு கல்லா காட்டறேன். உங்க வாய் தானா 'ஆஹா'ங்கும்."

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா கல்யாணம் இங்க. நீங்க மாட்டச் சொல்றதை மாட்டிக்கறேன்."

"ஒரே ஒரு ஆஹா?"

"ஒண்ணு போதும். உங்க ரயில் பிராக்கை விட்டு நகர்றதுக்குள்ள."

இருவரும் கை அடித்துக்கொண்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போகும் இருவரும், எங்கே நடந்தாலும் தங்களுக்குச் சரிதான் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது காரில் யர்மிலா கேட்டாள்: "நீங்க கடைசியா ஆத்து மேல இருக்கற அந்தப் பேர்போன பாலத்துல எப்ப நடந்தீங்க?"

"நான் ஊர்க்காரன்டி. அதெல்லாம் ரத்தத்துல இருக்கு."

"ரத்தத்துல வேற என்னென்னவோ இருக்குன்னு டாக்டர் சொன்னாரே" என்றாள் யர்மிலா.

சம்பந்திகள் செப்டம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கினார்கள். அந்த வாரம் பார்த்து நல்ல மழை பெய்து, நல்ல வெயிலும் அடித்திருந்தது. காட்டில் காளான் எந்த அவசரத்தில் முளைத்துக்கொண்டிருக்கும் என்பதை லுபோர் தன் முழங்கால்களில் உணர்ந்தார். அடுக்குமாடியின் வாசலில் சம்பந்திக்கு வீட்டுச் செருப்பை எடுத்து வைக்கும்போது அவர் முகம் சாவு வீட்டில் நிற்பவரைப்போல இருந்தது. மரவீட்டின் சாவியை வீத்தும் பெண்ணும் வாங்கிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார்கள்.

மெதோதேயின் மனைவி அமாலியா பையைத் திறந்தாள். உள்ளே வெள்ளித்தாளில் சுற்றிய ரீசெக், அடுக்கடுக்காக. இறைச்சியைத் தட்டி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இந்தப் பண்டம் இல்லாமல் நம் செக் நாட்டில் யாரும் ரயில் ஏறுவதில்லை. ஆனால் ஒரு படையே போருக்குப் போகும் அளவுக்கு இருந்தது இது.

"நான் இங்க ஒண்ணும் சமைக்க மாட்டேன்னு நெனச்சீங்களா சம்பந்தியம்மா?" என்று யர்மிலா கேட்டாள்.

"ஐயோ, இல்லைங்க. இவருதான் நெறையக் கட்டச் சொன்னாரு. ஏன்னு தெரியல."

ஏனென்று மறுநாள் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் நால்வரும் கீழே இறங்க லிஃப்டுக்குள் நுழைந்தபோது, எட்டாவது மாடிக் கிழவர் ஒருவர் நாயோடு உள்ளே நின்றிருந்தார். வணக்கம் சொல்ல வாயெடுத்தவர் லுபோரைப் பார்த்ததும் முகம் வெளிறினார்.

"சனிக்கிழமைல இங்க நிக்கற! மரவீடு எரிஞ்சுபோச்சா?"

"விருந்தாளி வந்திருக்காங்க. ஊர் சுத்திக் காட்டப் போறேன்."

"எந்த ஊர்?" என்று கேட்டார் கிழவர்.

மெட்ரோவிலிருந்து வெளியே வந்து பழைய நகரத்துக்குள் கால் வைத்த லுபோர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கணக்குப்படி சனிக்கிழமைகளில் பிராக் காலியாக இருக்கும்; எல்லாரும்தான் காட்டுக்குப் போய்விடுகிறார்களே! இங்கோ தெருவில் எள் விழ இடமில்லை. "யாருடி இவங்கல்லாம்? இவங்களுக்கு மரவீடு இல்லையா?" என்று யர்மிலாவின் காதில் கேட்டார்.

சதுக்கத்துக்கு எந்தச் சந்து போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்வது பிராக்காரருக்கு அழகல்ல. ஆகவே வேகமாக நடந்தார். வேகமாக நடப்பவனை யாரும் வழி தெரியாதவன் என்று நினைப்பதில்லை. ஒரே நீரூற்றை மூன்றாம் முறையாகக் கடந்தபோது மெதோதேய் சொன்னார்: "உங்க ஊர்ல நீரூற்றையெல்லாம் ஒரே அச்சுல வார்த்துட்டாங்க போல."

அப்போதுதான் தெய்வாதீனமாக மஞ்சள் குடை ஒன்று கூட்டத்துக்கு மேலே உயர்ந்தது. குடைக்குக் கீழே ஒரு பெண் வழிகாட்டி. அவள் பின்னால் ஸ்பானிஷ் பேசும் ஒரு பெருங்கூட்டம். லுபோர் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டார், அதாவது, கண்ணால். கூட்டத்தின் வால்பகுதியில் தன் மூவரையும் சேர்த்துக்கொண்டு, வழிகாட்டி நின்ற இடத்தில் நின்று, அவள் கைகாட்டிய திசையில் தானும் கைகாட்டி, சரித்திரம் சொல்லத் தொடங்கினார். அவருக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அவள் முகத்தைப் படித்தார். அவள் சோகமாகச் சொன்னால் ஒரு ராஜாவைக் கொன்றார். அவள் சிரித்தால் ஒரு ராணியை ஓடிப்போக வைத்தார். கூட்டம் மொத்தமும் ஒரு சன்னலைப் பார்த்து முகத்தைச் சுளித்தபோது, "அந்த வீட்டுலதான் பிளேக் நோய் ஆரம்பிச்சுது" என்றார் கம்பீரமாக.

மெதோதேய் அந்தச் சன்னலுக்குக் கீழே இருந்த பலகையைப் படித்தார். "கழிவறைன்னு போட்டிருக்கு சம்பந்தி."

"இப்ப மாத்திட்டாங்க."

வழியெல்லாம் கடை கடையாக ஒரு கம்பியில் மாவைச் சுற்றிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 'பழங்காலத்துச் செக் பலகாரம்' என்று எல்லாப் பலகையும் சத்தியம் செய்தது. மெதோதேய், லுபோர் இருவருமே அப்படியொரு பலகாரத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மெதோதேய் கேள்வியோடு திரும்பினார்.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இதுதான் எங்களுக்குக் காலைச் சாப்பாடு" என்று கூறிவிட்டார் லுபோர், கண் இமைக்காமல். யர்மிலா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாக மஞ்சள் குடை கடிகாரத்தின் முன்னால் போய் நின்றது. பொன்னிற வட்டங்கள், கோள்கள், ராசிகள். எலும்புக்கூடு பொம்மை ஒன்று கயிற்றை இழுத்தது. மேலே சன்னல்கள் திறந்து அப்போஸ்தலர்கள் ஒருவர்பின் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். சதுக்கமே கைபேசியைத் தூக்கிப் பிடித்து ஒரே குரலில் வியந்தது. லுபோர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சம்பந்தியின் உதடுகளைப் பார்த்தார். அந்த உதடுகள் மெல்லப் பிரிந்தன. பிரிந்த இடைவெளியில் ஒரு ரீசெக் நுழைந்தது.

"பசிங்க" என்றார் மெதோதேய், மென்றுகொண்டே. "எங்க ஸ்டேஷன் கடிகாரம் இதைவிடச் சரியா ஓடும்."

பாவம் மனிதர், பேருந்து ஓட்டி ஓட்டி நேரத்துக்குச் சாப்பிட்டுப் பழக்கமில்லை என்று லுபோர் பரிதாபப்பட்டார். பாலத்துக்குப் போகும் வழியில் கோபுரம் ஒன்று திடீரென்று எதிரே எழுந்தபோது இன்னொரு ரீசெக் போயிற்று. ஒரு வளைவைக் கடந்ததும் ஆறு பளீரென்று தெரிந்தது, அதற்கும் ஒன்று. யர்மிலாவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அமாலியாவைப் பார்த்தாள். அமாலியா உதட்டில் விரல் வைத்தாள். பெண்கள் இருவரும் அந்த நொடியிலிருந்து சம்பந்திகள் ஆனார்கள்.

இந்தச் சமயத்தில் லுபோரின் கைபேசி சிணுங்கியது. வீத் படம் அனுப்பியிருந்தான். மரவீட்டு மேசை முழுக்கக் காளான். கொழுத்த, பழுப்புத் தொப்பி போட்ட காளான்கள். 'உங்க ரகசிய இடத்துல எடுத்தது' என்று கீழே எழுதியிருந்தான். லுபோர் அந்தக் கணமே பத்து வயது கூடியவர்போல ஆனார்.

அந்தத் துக்கத்தில் தலையைக் குனிந்தபடியே பாலத்தின் நடுப்பகுதிவரை நடந்துவிட்டார். யாரோ படம் எடுப்பதற்காக அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்று, நிமிர்ந்தார். கருத்த சிலைகள் வரிசையாக நின்றன. ஆற்றின் மேலிருந்த மூடுபனி அப்போதுதான் கலைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, அக்கரையில், கூரை கூரையாக ஏறிப்போய்க் கோட்டை நின்றது, யாரோ இப்போதுதான் கழுவி வைத்ததுபோல.

"ஆஹா!"

குரல் தெளிவாக, உரக்க, நெஞ்சின் அடியிலிருந்து வந்தது. லுபோர் வெற்றியோடு சம்பந்தியின் பக்கம் திரும்பினார். சம்பந்தி வாயைத் திறக்கவே இல்லை. அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னது நீங்க" என்றார் மெதோதேய்.

லுபோர் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

"சம்பந்தி, நீங்க கடைசியா இங்க வந்தது எப்ப?"

"வந்து... அடிக்கடி..."

"எப்ப?"

"மூணாங்கிளாஸ்ல. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டு வந்தாங்க."

"அன்னிக்கும் மழைன்னு பாதியிலேயே திரும்பிட்டாங்களாம்" என்று யர்மிலா கூடுதல் தகவல் தந்தாள்.

மெதோதேய் சிரித்த சிரிப்பில் பாலத்துப் புறாக்கள் கிளம்பின. "அப்ப அந்த ஓடிப்போன ராணி? பிளேக்? காலைச் சாப்பாடு?" ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். கல்யாண வீட்டில் பேண்டுக்காரர்களுக்கு முன்னால் இதே கதை இதே சிரிப்போடு சொல்லப்படுவதை, அதுவும் தான் அந்தக் கால்சட்டைக்குள் நின்று அதைக் கேட்பதை, லுபோர் மனக்கண்ணில் கண்டார்.

பாலத்தைத் தாண்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மெதோதேய் ரீசெக் ஒன்றை எடுத்துப் பெருந்தன்மையாகச் சம்பந்திக்கு நீட்டினார். கையிருப்பு அவ்வளவாக இல்லை என்பதை அமாலியா கவனித்தாள்.

"உள்ளதைச் சொல்லட்டுமா?" என்றார் லுபோர், ரீசெக்கைப் பார்த்துக்கொண்டு. "இந்த ஊர்ல நான் பாத்ததெல்லாம் லிஃப்ட் குழிதான் சம்பந்தி. வேற எதுவும் எனக்குத் தெரியாது."

"அதைக் காட்டுங்களேன் அப்ப. காலைலேர்ந்து அடுத்தவன் குடைக்குப் பின்னாடியே இழுத்தடிச்சீங்க."

ட்ராமில் இரண்டு நிறுத்தம். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றின் பின்வாசல். காவலாளி குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலைதூக்கினார்.

"லுபோர்! சனிக்கிழமைல! மரவீடு எரிஞ்சுபோச்சா?"

"இல்லப்பா. ஊர் சுத்திப் பாக்கறோம். கொஞ்ச நேரம் ஓட விடு."

காவலாளி உள்ளே போய் எதையோ திருப்பினார். கூடத்தின் கோடியில் பழைய மரமும் பித்தளையும் முனகின. சுவரில் கதவில்லாத இரண்டு திறப்புகள் இருந்தன. ஒன்றில் மரப்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன. மற்றதில் கீழே வந்துகொண்டிருந்தன. எங்கும் நிற்கவில்லை. பாட்டர்நோஸ்டர், அதாவது லத்தீனில் 'எங்கள் பிதாவே', என்று அதற்குப் பெயர். ஜெபமாலை மணிகள்போலச் சுற்றிக்கொண்டே இருப்பதால். நகரும்போதே தாவி ஏற வேண்டும், நகரும்போதே தாவி இறங்க வேண்டும். லுபோர் அதன் முன்னால் நின்றபோது, காலையிலிருந்து முதல் முறையாக அவர் தோள்கள் நிமிர்ந்தன.

"கதவு எங்க?" என்றார் மெதோதேய்.

"கிடையாது."

"எப்ப நிக்கும்?"

"நிக்காது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன் சம்பந்தி" என்று லுபோர் குரலைத் தாழ்த்தினார். பிராக்கில் புதியவர்களிடம் தொன்றுதொட்டுச் சொல்லப்படும் பொய் அது. அதைச் சொல்லும் உரிமை அசல் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. "கடைசி மாடியில கண்டிப்பா இறங்கிடணும். இறங்கலேன்னா பெட்டி உச்சியில தலைகீழாக் கவுந்துதான் இந்தப் பக்கம் வரும்."

தீயணைப்புப் படைத் தளபதி பயந்ததாக யாரும் சொல்லக் கூடாது. மெதோதேய் மீசையைத் தடவினார்; மூன்று பெட்டிகளைப் போகவிட்டார்; நான்காவதில் தாவினார். முதலில் முகம் மறைந்தது, பிறகு வயிறு, கடைசியாகப் பயணத்துக்கென்று வாங்கிய, வழுக்கும் புதுச் செருப்புகள். மேலே ஒவ்வொரு மாடியிலும் ஒரு குரல் கேட்டது: "இங்க இறங்கணுமா? ... ஐயையோ, போயிடுச்சு! ... இங்கயா?" பிறகு குரல் நின்றது. புதுச் செருப்போடு தாவத் துணிவில்லாமல் மனிதர் கடைசி மாடியையும் தாண்டிவிட்டார்.

அமாலியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று முணுமுணுக்கத் தொடங்கினாள். வேறு எந்த ஜெபமும் இந்த லிஃப்டுக்கு இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது.

காலியான பெட்டிகள் இறங்கின. ஒன்று, இன்னொன்று. பிறகு ஒரு பெட்டியில் புதுச் செருப்புகள் தெரிந்தன, நேராகத்தான் இருந்தன. அடுத்து கால்சட்டை, வயிறு, முகம். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. மீசையில் ரொட்டித்தூள். கண்கள் மட்டும் கடிகாரத்து அப்போஸ்தலர்களைப்போல வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இறங்குங்க சம்பந்தி!"

"ம்ம்" என்றார் மெதோதேய், தலையை ஆட்டி மறுத்தார், அப்படியே அடிக்குழிக்குள் மறைந்தார். சற்று நேரத்தில் அடுத்த பக்கத்தில் ஏறிவந்தார். மறுபடி உச்சி, மறுபடி குழி. காவலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் படியில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றிக்கொண்டார்கள்.

"வாய்ல என்னங்க அது?" என்றார் லுபோர்.

"கடைசி ரீசெக்" என்றாள் யர்மிலா. "உங்களுக்கு இன்னுமா புரியல?"

லுபோருக்குப் புரிந்தது. கடிகாரம், கோபுரம், ஆறு. மனிதர் காலையிலிருந்து பசியால் சாப்பிடவில்லை, ஆஹாக்களைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"மாட்டிக்கிட்டீங்க!" என்று அடுத்த சுற்றில் கத்தினார். "உள்ள ஆஹாதானே?"

மெதோதேய் விழுங்கி முடித்திருந்தார். "இறைச்சி" என்றார், மேலே போய்க்கொண்டே. "பந்தயம் வாய்ல சொல்றதுக்குத்தான்!"

மறுநாள் கோட்டைக்குப் போக யாருக்கும் கால் ஒத்துழைக்கவில்லை. ஞாயிறு மதியம் ரயில் நிலையத்தில், பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்த மெதோதேயின் கையில் ரீசெக் இல்லை; யர்மிலா வழிக்கு வேண்டுமென்றே ஒன்றும் கட்டித்தரவில்லை. நடைமேடையில் நின்று லுபோர் சன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு கைகளாலும் காட்டினார்: ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, உச்சியில் ஒரு வளைவு. மெதோதேய் பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ரயில் கார்டு விசில் ஊதினார். அந்த நேரத்தில் மெதோதேயின் வாய் வட்டமாகத் திறந்தது. மூடிய கண்ணாடியில் பெரிய வட்டமாக ஆவி படிந்தது. ரயில் நகர்ந்தது.

சத்தம் எதுவும் வெளியே கேட்கவில்லை. அது ஆஹாதான், ரயில் நகர்வதற்கு முன்னால்தான் என்று லுபோர் தொலைபேசியில் சாதித்தார். அது கொட்டாவி, ரயில் நகர்ந்த பிறகு வந்தது என்று மெதோதேய் சாதித்தார். சாட்சி சொல்ல வேண்டிய அமாலியா, தான் அப்போது பையில் எதையோ தேடிக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டாள். தன் தையல் வேலை போட்ட அந்த உடுப்பை ஒரு பிராக்காரர் போட்டுப் பார்க்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை.

கல்யாணம் மே மாதத்தில் மொராவியாவில் நடந்தது. கால்சட்டை ஏற யர்மிலாவும் அமாலியாவும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. இறகுத் தொப்பியோடு லுபோர் முன்னால் நடந்தார், பேண்டு முழங்கியது. ஒவ்வொரு வாசலிலும் மெதோதேய் ஊர்வலத்தை நிறுத்தி, நிற்காத லிஃப்டின் கதையைக் கைகால் ஆட்டிச் சொன்னார். அதில் ஊர் முழுக்கக் கேட்கும்படி எத்தனையோ ஆஹாக்கள் வந்தன. பந்தயக் கெடு முடிந்துவிட்டதால் அவற்றால் இனி ஒரு பயனும் இல்லை.

ஊர்வலம் மேட்டில் ஏறியதும் சரிவு முழுவதும் திடீரென்று கண்முன் விரிந்தது. இளம்பச்சைக் கொடிகள், வெள்ளைச் சுவரும் நீலக் கரையும் பூசிய சின்னச் சின்னத் திராட்சரச நிலவறைகள், அவற்றுக்கு மேல் செர்ரி மரங்களின் பூ. அந்தச் சனிக்கிழமை மரவீட்டின் நினைவே லுபோருக்கு வரவில்லை. அவர் உதடுகள் மெல்லப் பிரிந்தன. பக்கத்தில் மெதோதேய் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, அந்த உதடுகளையே பார்த்தபடி காத்திருந்தார்.

யர்மிலா கைப்பையைத் திறந்து, வெள்ளித்தாளைப் பிரித்து, கணவரிடம் ஒரு ரீசெக்கை நீட்டினாள்.